காட்டு ஸ்ட்ராபெர்ரி, கடை ஸ்ட்ராபெர்ரி: விதை வாங்குமுன் ஒரு சந்தேகம்

மாடித்தொட்டி_பொங்கோல்

வணக்கம். சிங்கப்பூர் இணையச் சந்தையில் ‘அல்பைன் காட்டு ஸ்ட்ராபெர்ரி’ என்று விதைப் பொட்டலம் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்குவதற்குள் தெரிந்துகொள்ளலாம் என்று கேட்கிறேன்.

காட்டு ஸ்ட்ராபெர்ரி என்பது பேரங்காடியில் டப்பாவில் வரும் பழத்தின் சின்ன வடிவமா, இல்லை வேறு செடியா? ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வழியோரப் புல்லில் மஞ்சள் பூவோடு படர்ந்து சின்னச் சிவப்புப் பழம் பிடிக்குமே, அதுவும் இதுதானா? விதையே வாங்காமல், கொரிய ஸ்ட்ராபெர்ரிப் பழத்தின் மேலிருக்கும் விதையைச் சுரண்டிப் போட்டால் ஆகாதா?

இடம்: வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 11வது மாடி, கிழக்குப் பார்த்த தாழ்வாரம். காலை ஏழரையிலிருந்து பதினொன்று வரை நேர் வெயில், பிறகு வெளிச்சம் மட்டும். காய்க்குமா காய்க்காதா என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

இலைநரம்பு

வேறு செடி. பொட்டலத்தில் இருப்பது ஃப்ரகேரியா வெஸ்கா. ஐரோப்பாவில் காட்டோரம், பாதையோரம் எல்லாம் தானாக முளைப்பது. செல்லுக்கு 14 குரோமோசோம், ஏழு ஏழாக இரண்டு தொகுதி. கடைப் பழம் ஃப்ரகேரியா அனனாசா. அதில் 56, அதாவது எட்டுத் தொகுதி. வெஸ்காவையே தோட்டத்தில் வைத்து வளர்த்து வளர்த்துப் பெரிதாக்கினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி நடக்கவில்லை. வட அமெரிக்காவின் வர்ஜினியானா, சிலி நாட்டின் சிலோயென்சிஸ் என்ற இரண்டு காட்டு இனங்கள் 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் அடுத்தடுத்து வளர்ந்தபோது கலந்து பிறந்ததுதான் இன்றைய கடைப் பழம். சிலிச் செடியை 1714இல் கப்பலில் கொண்டுவந்தவர் ஃப்ரெசியே என்ற ராணுவப் பொறியாளர். (பிரெஞ்சில் ஸ்ட்ராபெர்ரிக்கு ‘ஃப்ரெஸ்’ என்று பெயர். மனிதருக்குப் பெயர் அப்படி வாய்த்திருக்கிறது.) அவர் கொண்டுவந்து சேர்த்தவை பெண் செடிகள். பூக்கும், காய்க்காது. பக்கத்தில் வர்ஜினியானா இருந்த இடத்தில்தான் பழம் பிடித்தது. இது கலப்பு என்று 1766இல் எழுதியவர் துஷேன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர்.

ஆக, கடைப் பழத்துக்குப் பெற்றோரும் காட்டுச் செடிகள்தான், ஆனால் வேறு கண்டத்துக் காடு.

கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கடைப் பழத்தை நகத்தால் தடவுங்கள்: விதை ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். வெஸ்காவில் குழி கிடையாது. விதைகள் தோலின் மேலேயே துருத்திக்கொண்டிருக்கும், தொட்டால் சொரசொரப்பு. பழம் நுனி கூராக, சுண்டுவிரல் நகத்தளவு, எடை ஒரு கிராமுக்கு முன்பின். பழுத்ததும் லேசாக இழுத்தால் பச்சைப் புல்லிவட்டம் செடியிலேயே நிற்க, பழம் மட்டும் கழன்று வரும். கடைப் பழத்தில் அந்தப் பச்சைத் தொப்பியைக் கத்தியால்தான் எடுக்க வேண்டும். வெஸ்காவின் இலை மெல்லிசு, வெளிர்பச்சை, நரம்புகள் பள்ளம் பள்ளமாகத் தெரியும். நடுச் சிற்றிலையின் நுனிப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு ஒப்பிடுங்கள். வெஸ்காவில் அது சமமாகவோ நீட்டிக்கொண்டோ இருக்கும். வர்ஜினியானாவில் உள்ளே தள்ளிக் குட்டையாக இருக்கும். பழம் இல்லாத நாளில் இதுதான் கைகொடுக்கும் அடையாளம்.

இந்த ‘விதை’தான் தாவரவியல் கணக்கில் கனி. நாம் தின்னும் சிவப்புச் சதை, வீங்கிய பூத்தளம். சும்மா சொல்லவில்லை, கீழே மகரந்தச் சேர்க்கை பற்றி யாராவது பேசும்போது இது தேவைப்படும்.

ஊட்டி வழியோர மஞ்சள் பூ: அது ஸ்ட்ராபெர்ரியே இல்லை. பொட்டென்டில்லா இண்டிகா. பழைய பெயர் துஷேனியா இண்டிகா, மேலே சொன்ன அதே துஷேனின் பெயரால் வைத்தது. ஸ்ட்ராபெர்ரி இனம் எதிலும் பூ இப்படிப் பளிச்சென்ற மஞ்சளாக இருக்காது, வெள்ளை, மிஞ்சினால் வெளிர் சாயல். பொட்டென்டில்லாவின் பழம் தலை நிமிர்ந்து நிற்கும், அடியில் மூன்று பல் வெட்டிய அகலமான பச்சை இதழ் வட்டம் காலர் மாதிரி விரிந்திருக்கும். விஷமில்லை. வாயில் போட்டால் தண்ணீர்தான், வாசனையும் இல்லை.

நீலகிரிக்கு உண்மையான காட்டு ஸ்ட்ராபெர்ரி ஒன்று உண்டு, மலையின் பெயரையே தாங்கியது: ஃப்ரகேரியா நில்கெரென்சிஸ். வெள்ளைப் பூ, தடித்த மயிரடர்ந்த இலை, வெளுத்த அல்லது இளஞ்சிவப்புப் பழம், பீச் பழம் போன்ற மணம். ஜப்பானின் ‘தோக்குன்’ ரகத்தில் வரும் பீச் வாசனை இதைக் கடை ஸ்ட்ராபெர்ரியோடு கலந்து எடுத்ததுதான். நம் ஊர் மலைப் பழம் டோக்கியோ போய்ப் பட்டுப்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது!

கேமரன்_குளிர்

காய்க்காது. நேராகக் கேட்டதால் நேராகச் சொல்கிறேன்.

ஸ்ட்ராபெர்ரியின் வழக்கமான ரகங்கள் பூ மொட்டு வைக்கக் குறுகிய பகலும் குளிர்ந்த இரவும் வேண்டும். நம் பகல் வருடம் பூராவும் ஏறக்குறைய 12 மணி நேரம், அதில் குறையில்லை. குறை இரவில். சிங்கப்பூர் இரவு 25 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அந்தச் சூட்டில் பகல் குறுகியதாக இருந்தும் செடி மொட்டு வைக்காது, இலையும் ஓடுதண்டுமாக (தரையில் படர்ந்து புதுச் செடி வைக்கும் தண்டு) போட்டுத் தள்ளும். மலேசியாவின் கேமரன் மலை 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் அங்கே வருடம் முழுக்கப் பறிக்கிறார்கள். அங்கிருந்து பூவும் காயுமாக ஒரு தொட்டியை வாங்கி வந்தால், ஏற்கெனவே வைத்த மொட்டு இங்கே வந்து பழுக்கும். ‘ஆகா, வருதே’ என்று நினைப்போம். அது தீர்ந்ததும் அடுத்த பூ வராது, இரண்டு மூன்று மாதத்தில் வேர் கறுத்துச் செடி போய்விடும். எல்லை தாண்டிச் செடி கொண்டுவருவதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் விதி இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொரியப் பழ விதை: முளைக்கும், ஆனால் தாய்ப்பழம் மாதிரி வராது. எட்டுத் தொகுதிக் கலப்பு அது. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு சீட்டுக் குலுக்கல். சொல்ஹ்யாங் மாதிரி ரகங்களை ஓடுதண்டு நாற்றால்தான் பெருக்குகிறார்கள், விதையால் இல்லை. அதற்கும் மேலே சொன்ன குளிர் வேண்டும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வேர்க்கால்

கேமரன் அண்ணன் சொன்னது கடை ஸ்ட்ராபெர்ரிக்கு முழுக்கச் சரி. அல்பைனுக்கு அப்படியே பொருந்தாது.

காட்டு வெஸ்காவில் பூப்பதைப் பிடித்து நிறுத்தும் மரபணு ஒன்று இருக்கிறது, பெயர் டிஎஃப்எல்1. குளிரும் குறுகிய பகலும் வந்தால்தான் அது பிடியை விடும். அல்பைன் என்று விற்கும் வகைகளில் (பாரன் சோலெமாக்கர், ருய்கன், அலெக்ஸாண்ட்ரியா, வெள்ளைப் பழம் தரும் யெல்லோ வொண்டர்) இந்தப் பிடி வேலை செய்வதில்லை. மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்து விடுபட்டுப் போனதே காரணம். ஆகையால் குளிருக்குக் காத்திராமல் பூக்கும். இதில் பெரும்பாலானவை ஓடுதண்டும் விடாது, அதற்கு வேறொரு மரபணு. செடி ஓரிடத்தில் குத்தாக நிற்கும், தொட்டிக்கு ஏற்றது. விதை போட்டால் தாய் மாதிரியே வரும், கொரியப் பழம் மாதிரி சீட்டுக் குலுக்கல் இல்லை. பக்கத்திலேயே கடை ரகம் வைத்தாலும் பிரச்சினை இல்லை. குரோமோசோம் கணக்கு ஒத்துவராததால் உருப்படியான கலப்பு விதை பிடிப்பது அபூர்வம்.

எனவே கேள்வி ‘பூக்குமா’ என்பதில்லை, ‘சூட்டில் உயிரோடு இருக்குமா’ என்பது. உங்கள் தாழ்வாரத்தில் இருக்கும், கொஞ்சம் கெஞ்ச வேண்டும். பத்துச் செடிக்கு வாரத்தில் ஒரு சின்னக் கைப்பிடி வந்தாலே பெரிய விஷயம். ஐரோப்பியத் தோட்டப் படங்களைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள்.

விதையிலிருந்து தொடங்குவோம். மிளகாய் விதை மாதிரி மண்ணில் புதைத்தால் ஒன்றுகூட வராது. ஈரமான சமையல்தாளில் விதையைப் பரப்பி, மடித்து, மூடும் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 3 வாரம் வையுங்கள். உறைபெட்டியில் வைக்காதீர்கள். பிறகு சலித்த கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) ஈரமாக்கித் தட்டில் நிரப்பி, விதையை மேலே தூவி விரல் நுனியால் அழுத்துங்கள். மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். தண்ணீர் மேலிருந்து ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும், தட்டின் அடியில் ஊற்றி உறிஞ்ச விடுங்கள். 18 முதல் 22 டிகிரி இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். அதற்கு மேல் சூடு ஏற ஏற முளைப்பு இழுக்கும், விட்டுவிட்டு வரும். குளிரூட்டி அறையில் செடிக்கு இடமில்லை என்றாலும், உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றுக்கு இந்த ஒரு மாதம் மட்டும் படுக்கையறைச் சன்னலோரம் இடம் கொடுங்கள். பாதிப் பேர் தோற்பது இந்தக் கட்டத்தில்தான்.

முதல் நிஜ இலை ஒற்றையாக, பல் வெட்டோடு வரும். அது களை என்று பிடுங்கிவிடாதீர்கள். மூன்று சிற்றிலை அடுத்தடுத்த இலைகளில்தான் வரும். மூன்று நான்கு இலை ஆனதும் 15 செ.மீ. தொட்டிக்கு மாற்றலாம், தொட்டிக்கு ஒரு செடி. விதைத்ததிலிருந்து முதல் பூவுக்கு நாலைந்து மாதம்.

மண் கலவை: கோகோபீட் 2 பங்கு, பெர்லைட் (நுரை போன்ற வெள்ளைக் கல்துகள்) 1, நன்றாக மக்கிய உரம் 1. கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் கலக்க வேண்டும், உப்பு இருக்கும். வெஸ்காவுக்கு உப்பு ஆகாது, இலை விளிம்பு காய்ந்து காட்டிவிடும். நடும்போது கவனிக்க வேண்டியது குருத்து. இலைக்காம்புகள் எல்லாம் கூடும் அந்த முடிச்சு மண் மட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், மேலே தூக்கிக்கொண்டு நின்றால் புதுவேர் காயும். சிங்கப்பூர் ஈரத்தில் புதைவதுதான் அதிகம் கொல்கிறது.

தொட்டி கறுப்புப் பிளாஸ்டிக் வேண்டாம். மூன்றரை மணி நேர நேர் வெயிலில் அதன் சுவர் கையை வைக்க முடியாத அளவு சுடும், வேர் உள்ளே வெந்துவிடும். வெள்ளைத் தொட்டி, இல்லையென்றால் சின்னத் தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி இடைவெளி விடுங்கள். பத்து மணிக்கு மேல் 30 சதவீத நிழல்வலை ஒன்று போதும்.

உரம்: காய்கறிக்கான திரவ உரத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் பாதி, இரு வாரத்துக்கு ஒருமுறை. தழைச்சத்து கூடினால் இலை தடதடவென வரும், பழம் வராது.

மாடித்தொட்டி_பொங்கோல்

மூவருக்கும் நன்றி. விதை வாங்கலாம் என்று முடிவு. இரண்டு விஷயம். ஒன்று, குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா? இன்னொன்று, அதே கடையில் நீல ஸ்ட்ராபெர்ரி, கறுப்பு ஸ்ட்ராபெர்ரி விதையும் இருக்கிறது, அதையும் ஒரு பொட்டலம் போடலாமா என்று ஒரு சபலம்.

வேர்க்கால்

நீல ஸ்ட்ராபெர்ரி உலகத்தில் இல்லை, படத்தில் நிறம் மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கடையில் வேறு எதுவும் வாங்காதீர்கள், அல்பைன் உட்பட. நல்ல விற்பனையாளர் ‘அல்பைன்’ என்று மட்டும் போடமாட்டார், ரகத்தின் பெயரும் வெஸ்கா என்ற இனப் பெயரும் பொட்டலத்தில் இருக்கும்.

குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. ஆனால் கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, குழாய்க்குள் துரு பிடிக்காமல் இருக்க அப்படி வைப்பார்கள். ஸ்ட்ராபெர்ரிக்கு வேர்ப்பகுதி பிஎச் (அமில-கார அளவு) 5.5 முதல் 6.5 வேண்டும். காரம் ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது: இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அந்தப் படத்தைப் பார்த்தால் உரம் கூட்டாதீர்கள், அது நோயைக் கூட்டும். பிஎச் தாள் வாங்கி, வாளித் தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு 6க்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். மழைத் தண்ணீர் பிடிக்க வழியிருந்தால் இன்னும் எளிது.

மஞ்சள் முதிர்ந்த இலையில் தொடங்கினால் அது வேறு கதை, தழைச்சத்துக் குறைவு. இளங்குருத்தின் நுனி மட்டும் கருகினால் சுண்ணாம்புச் சத்து குருத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். மண்ணில் குறைவதால் மட்டும் இல்லை. பகலில் காற்று அசையாமல், ஈரம் கூடி நிற்கும்போது இலை நீரை அதிகம் வெளிவிடாது, நீரோடு ஏற வேண்டியதும் சரியாக ஏறாது. தொட்டிகளைச் சுவரோடு ஒட்டி நெருக்காதீர்கள்.

தேக்கா_தோட்டம்

பூச்சி பற்றி யாரும் சொல்லலையே. 11வது மாடித் தாழ்வாரம், காற்று அடிக்கும், மழை படாது. செஞ்சிலந்திக்கு அது மாமியார் வீடு. இலை மேலே ஊசி குத்தின மாதிரி வெளிர்புள்ளி தெரிஞ்சா உடனே திருப்பிப் பாருங்க. அடியில நூலாம்படையும் அசையும் புள்ளியும் இருக்கும். மூணு நாளுக்கு ஒருமுறை இலையடியைத் தண்ணி பீய்ச்சிக் கழுவினாலே பாதி போயிடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். வெயில் போன பிறகு மட்டும் தெளிங்க, வெயில்ல தெளிச்சா இலை பொசுங்கும்.

குருத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்து உள்ளே செங்கல் நிறத்துல இருந்தா ஆந்த்ராக்னோஸ்ங்கற பூஞ்சை நோய். மருந்து தேடாதீங்க. செடி, மண் ரெண்டையும் பையில கட்டிக் குப்பையில போடுங்க, தொட்டியைக் கழுவாம அடுத்த செடி வைக்காதீங்க.

அப்புறம் 11வது மாடிக்குத் தேனீ வருமான்னு நம்பி உட்கார வேண்டாம். இலைநரம்பு அக்கா சொன்ன அந்த ‘விதை’ ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மகரந்தம் சேரணும். சேர்ந்த விதைதான் தன்னைச் சுத்தி இருக்கற சதையை வீங்க வைக்கும் ஆக்சின்ங்கற வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்குது. சேராத பக்கம் சதை வளராது, பழம் குரங்கு மூஞ்சி மாதிரி கோணிக்கும். அதனால பூ விரிஞ்ச நாளும் மறுநாளும், காலை ஒன்பதரை பத்துக்குள்ள, மெல்லிய ஓவியத் தூரிகையால நடுவுல இருக்கற மஞ்சள் குமிழைச் சுத்திச் சுத்தி வருடுங்க. ஒரு பூவுக்கு அஞ்சு விநாடி போதும். மதியச் சூட்டுல மகரந்தம் வீணாப் போயிடும்.

கேமரன்_குளிர்

வேர்க்கால் சொன்ன மரபணு விஷயம் சரிதான், அல்பைனுக்கு என் ‘காய்க்காது’வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் பூ நின்றுபோகும், வந்த பழமும் புளிக்கும். அப்போது செடி சாகிறது என்று பயந்து உரம் போடாதீர்கள். பழைய இலைகளைக் கிள்ளி, நிழலுக்கு மாற்றி, தண்ணீரை மட்டும் கொடுத்துக் கடத்துங்கள்.

மாடித்தொட்டி_பொங்கோல்

இவ்வளவு பாட்டுக்கு அப்புறம் ருசி எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஜாம் போடலாமா?

இலைநரம்பு

மணம்தான் இதன் சொத்து. வெஸ்காவில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள் தாராளம். மல்லிகையிலும் திராட்சை மிட்டாயிலும் மூக்கில் ஏறுவது அதுதான். கடை ரகங்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு. அளவு, கெட்டித்தன்மை, விளைச்சல், நோய் எதிர்ப்பு என்று பார்த்துத் தேர்ந்தபோது மணம் கைநழுவிப் போயிற்று. அதற்காகக் கடைப் பழத்தை இழிவாகப் பேச வேண்டாம். டிசம்பரில் வரும் நல்ல கொரியப் பழத்தின் சாறும் இனிப்பும் வெஸ்காவில் கிடையாது. வெஸ்காவின் சதை மென்மையாக மாவு போல இருக்கும்.

முழுக்கச் சிவந்து, தொட்டதும் கழலும் அன்றுதான் பறிக்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு நிறம் மாறுமே தவிர, இனிப்பும் மணமும் ஏறாது. பறித்தால் அன்றே தின்ன வேண்டும். மறுநாள் நசிந்துவிடும், அதனால்தான் இது பேரங்காடிக்கே வருவதில்லை. யெல்லோ வொண்டர் வெள்ளையாகவே பழுக்கும். அதில் நிறம் உதவாது: விதைகள் பழுப்பாகி, மூக்கருகே கொண்டுபோனால் அன்னாசி வாடை வர வேண்டும். சிவப்பு இல்லாததால் பறவைகள் அதைத் தொடாது, மைனாவும் குயிலும் வரும் தாழ்வாரத்துக்கு அது ஒரு வசதி.

ஜாமுக்கு நூறு கிராம் சேர்க்கவே நூறு பழத்துக்கு மேல் வேண்டும், உங்கள் பத்துச் செடியால் நடக்காது. கிடைத்ததையும் அடுப்பில் வைக்காதீர்கள். சதைக்கு விதை விகிதம் அதிகம், நீண்ட நேரம் கொதித்தால் கசப்பு இறங்கும். மிக்சியில் அரைத்தால் இன்னும் மோசம். ஒரு கைப்பிடிப் பழத்துக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை போட்டு மர அகப்பையால் லேசாக மசித்து அரை மணி நேரம் வையுங்கள். கெட்டித் தயிரிலோ வெறும் வெண்ணிலா ஐஸ்கிரீமிலோ அது போதும்.

கடையில் ‘வைல்ட் ஸ்ட்ராபெர்ரி’ என்று எழுதிய மிட்டாய், தேநீர்ப் பைகளில் பெரும்பாலும் வாசனைச் சாரம்தான். ஜாம் புட்டியில் சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். பிரெஞ்சுப் புட்டியில் ‘ஃப்ரெஸ் தெ புவா’ என்றிருந்தால் வெஸ்கா.

தேக்கா_தோட்டம்

ஒண்ணு விட்டுப்போச்சு. தொட்டிக்கு அடியில தட்டு வைப்பீங்க இல்ல, அதுல தண்ணி நிக்கக் கூடாது. கொசு முட்டை வெச்சா தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்குப் பதில் சொல்லணும். தட்டுல கூழாங்கல் போட்டாலும் இடுக்குல தண்ணி நிக்கும், அதனால ஊத்தின அரை மணி நேரத்துல கொட்டிடுங்க. வேருக்கும் அதான் நல்லது. தொட்டி வரிசையைச் சுவர் ஓரமா ஒரே அடுக்கா வைங்க, நடக்க 1.2 மீட்டர் வழி விடணும், இல்லன்னா நகர மன்றத்திலேர்ந்து கடுதாசி வரும்.

மாடித்தொட்டி_பொங்கோல்

தாழ்வாரத்தை இப்போதுதான் அளந்தேன். வழி போக 35 செ.மீ. மிச்சம். 15 செ.மீ. தொட்டியை இன்னொரு தொட்டிக்குள் இறக்கினாலும் ஒரு வரிசை அடங்கும். யெல்லோ வொண்டர் ஆறு, பாரன் சோலெமாக்கர் நாலு என்று தொடங்குகிறேன். விதை இன்றிரவு ஃபிரிட்ஜுக்கு இல்லை, முதலில் கடையை மாற்ற வேண்டும்.